பூட்டோடு சாவியைக் கட்டி அனுப்பிய விவகாரம்

பெருமதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்றும், சம்பந்தியம்மாவுக்குக் கண் ஆபரேஷனுக்குப் பிறகு செய்தித்தாளின் சின்ன எழுத்தும் தெரிகிறது என்றும் நம்புகிறேன். இங்கே நானும் என் வீட்டுக்காரியும் சுகம். தங்கள் மகள், அதாவது என் மருமகள், பரம சுகம். என் மகன் வழக்கம்போல எனக்கும் அவளுக்கும் நடுவில் நின்றுகொண்டு, இரண்டு பக்கமும் தலையாட்டியபடி சுகமாக இருக்கிறான். ஒன்றை முதலிலேயே எழுதிவிடுகிறேன். எதுவும் கெட்டுப்போகவில்லை. எல்லாம் நல்லபடியாக முடிந்துவிட்டது. ஆஸ்பத்திரி ஆர்டர் நம் கையில்தான் இருக்கிறது. நானூற்றுப் பன்னிரண்டு கதவுகளும் பத்திரம். ஆகவே தாங்கள் பதறாமல், கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, உட்கார்ந்து படிக்கலாம்.

இப்போது ஏன் எழுதுகிறேன் என்றால், ஞாயிற்றுக்கிழமை தங்கள் மகள் தங்களுக்குப் போன் போடுவாள். "மாமா ஒரு காரியம் பண்ணாருப்பா" என்று ஆரம்பிப்பாள். அவள் பொய் சொல்ல மாட்டாள், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் சிரித்துக்கொண்டே சொல்வாள். சிரித்துக்கொண்டே சொல்லும் உண்மையில் என் பக்கம் எப்போதும் கொஞ்சம் அடிபட்டுப்போகிறது. தாங்கள் நாற்பது வருஷம் தபால் அலுவலகத்தில் இருந்தவர். ஓர் உறை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்குப் போவதென்றால் என்ன என்று இந்தக் குடும்பத்தில் தங்களுக்கு ஒருவருக்குத்தான் தெரியும். அதனால் நடந்ததை நடந்தபடி தங்கள் முன் வைக்கிறேன். தீர்ப்பு தங்களுடையது. என் பக்கமாகத் தீர்ப்புச் சொன்னால் சந்தோஷப்படுவேன்.

பூட்டு என்றால் கடையில் கொத்தாகத் தொங்குவது மட்டும் என்று பலர் நினைக்கிறார்கள். நாங்கள் கட்டடம் கட்டடமாகப் பூட்டுகிறவர்கள். ஓர் ஆஸ்பத்திரி என்றால் நர்சின் சாவி மருந்து அறையைத் திறக்கணும், பணியாளர் கோப்பு அறையைத் திறக்கக் கூடாது. துப்புரவு செய்பவரின் சாவி எல்லாக் கழிப்பறையையும் திறக்கணும், மருந்து அறைப் பக்கமே போகக் கூடாது. பெரிய டாக்டரின் சாவி எல்லாவற்றையும் திறக்கணும், அவர் ஆயுசில் ஒரு கதவையும் தன் கையால் திறக்கப்போவதில்லை என்றாலும். இதற்கெல்லாம் ஓர் அட்டவணை உண்டு. எந்தக் கதவுக்கு எந்தச் சாவி, அந்தச் சாவியில் ஆறு வெட்டு, ஒவ்வொரு வெட்டும் எத்தனை ஆழம் என்று முப்பத்தொரு பக்கம். அந்த ஆறு எண்கள் தெரிந்தால் போதும், பூட்டைக் கண்ணாலேயே பார்க்காதவன்கூட உட்கார்ந்த இடத்தில் சாவி வெட்டிவிடலாம். அட்டவணை வெளியே போனால் நானூற்றுப் பன்னிரண்டு பூட்டையும் கழற்றி வீச வேண்டியதுதான். கூடவே எங்கள் பட்டறைப் பெயர்ப்பலகையையும்.

பட்டறையில் முதல் நாளிலிருந்து இரண்டு சட்டம். யாரும் சொல்லிக்கொடுத்ததல்ல, நானாகப் போட்டது. நான் பூட்டுத் தொழிலையே யாரிடமும் கற்கவில்லை, தாங்கள் அறிவீர்கள். எங்கள் வீட்டுப் பூட்டைப் பிரித்துப் பார்த்தேன், மறுபடி சேர்க்க முடியவில்லை, சேர்க்கிற வரைக்கும் விடவில்லை, அதுதான் என் படிப்பு. முதல் சட்டம், சாவியைக் கட்டாமல் எந்தப் பூட்டும் வாசலைத் தாண்டக் கூடாது. சிவப்பு நூலால் பூட்டின் வளையத்தில் சாவியைக் கட்டித்தான் அனுப்ப வேண்டும். சாவி இல்லாத பூட்டை ஒருவன் கையில் கொடுத்தால் அது வியாபாரம் இல்லை, அவமானம். இரண்டாவது சட்டம், உதிரிச் சாவி ஒன்று நம்பிக்கையான உறவினர் வீட்டில் இருக்க வேண்டும். எங்கள் வாசல் கதவின் உதிரிச் சாவி தங்கள் அலமாரியில் இருக்கிறது, ஞாபகம் இருக்கும். இந்த இரண்டு சட்டத்தாலும் இதுவரைக்கும் ஒரு குறை வந்ததில்லை. போன செவ்வாய்க்கிழமை தவிர.

தங்கள் மகள் மூன்று வருஷத்துக்கு முன் எங்கள் வீட்டுக்கு வந்தாள். அடுத்த வருஷம் பட்டறையின் அலுவலக அறைக்கு வந்தாள். ஆறே மாதத்தில் என் மேசைக்கு வந்துவிட்டாள். அதுவரை அட்டவணை எல்லாம் நீள நோட்டில் பென்சிலால் என் கையெழுத்தில் இருக்கும். சும்மா எழுதிவைக்க நான் என்ன முட்டாளா? ரகசிய எழுத்து. எண்ணுக்குப் பதில் படம். ஒன்றுக்கு ஆணி, இரண்டுக்கு ஒரு ஜோடிச் செருப்பு, மூன்றுக்கு முக்காலி, நான்குக்கு நாற்காலி, ஐந்துக்குக் கை, ஆறுக்கு எறும்பு. எறும்புக்கு எத்தனை கால் என்று நின்று எண்ணிப் பார்க்கிற பொறுமை உள்ளவன் திருட வரமாட்டான் என்பது என் கணிப்பு. என் வீட்டுக்காரி ஒரு நாள் நோட்டைப் புரட்டிவிட்டு, "நம்பர் எழுதத் தெரியாமலா படம் போட்டு வெச்சிருக்கீங்க?" என்று கேட்டாள். அவள் வீட்டு மனுஷி, அதனால் கண்டுபிடித்தாள். வெளியாருக்கு வராது.

மருமகள் நோட்டைப் பார்த்தாள். சிரிக்கவில்லை, அதைச் சொல்லத்தான் வேண்டும். "ரொம்ப அழகா வரைஞ்சிருக்கீங்க மாமா" என்றாள். பிறகு மூன்று நாள் உட்கார்ந்து முப்பத்தொரு பக்கத்தையும் கம்ப்யூட்டரில் ஏற்றினாள். நோட்டை இரும்புப் பெட்டிக்குள் வைக்கச் சொன்னாள். வைத்தேன்.

"இதை எப்படிம்மா ஆஸ்பத்திரிக்கு அனுப்புவே? மெயில்ல ஒட்டி அனுப்பிடலாமா?" என்று கேட்டேன். எனக்கும் மெயில் தெரியும். நானாகவே கற்றுக்கொண்டேன். ஒற்றை விரல்தான், ஆனால் பிழை வராது.

"வேண்டாம் மாமா. அது போஸ்ட் கார்டு மாதிரி. போற வழியில யார் வேணா படிக்கலாம். எங்கப்பா சொல்வார், போஸ்ட் கார்டைப் போஸ்ட்மேன் படிக்காம இருந்தா அது அவரோட நல்ல குணம், கார்டோட நல்ல குணம் இல்லைன்னு."

இதைத் தாங்கள் உண்மையிலேயே சொன்னீர்களா என்று தெரிவிக்கவும். அவள் வசதிக்குத் தங்கள் பெயரை இழுக்கிறாளோ என்று ஒரு சந்தேகம்.

அவள் செய்தது இது. அட்டவணையை ஒரு பெட்டகத்தில் வைத்தாள். இரும்புப் பெட்டகம் இல்லை, எங்கேயோ கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருக்கிற பெட்டகம். ஆஸ்பத்திரியின் பாதுகாப்பு அதிகாரிக்கு அட்டவணை போகாது, அதைப் பார்க்க ஒரு வழி மட்டும்தான் போகும். அதற்கு லிங்க் என்று பெயர். அதைத் தட்டினால் ஒரு ரகசியச் சொல் கேட்கும். அந்தச் சொல்லை அவருக்கு மெயிலில் அனுப்பக் கூடாது, போனில் வாயால்தான் சொல்ல வேண்டும். அதற்கு மேலும் அதிகாரியின் கைப்பேசிக்கு ஒரு எண் வரும், அதையும் தட்ட வேண்டும். மூன்று நாளில் வழி தானாக மூடிக்கொள்ளும். யார் தட்டினார்கள், எத்தனை மணிக்குத் தட்டினார்கள் என்று வருகைப் பதிவேடு வேறு. "பூட்டு ஒரு வழியாப் போகணும், சாவி வேற வழியாப் போகணும். ரெண்டும் சேர்ந்து போனா பூட்டினதுக்கே அர்த்தமில்லை மாமா" என்று முடித்தாள்.

சம்பந்தி, நீங்களே சொல்லுங்க. ஆயுசு பூரா பூட்டோட சாவியைக் கட்டி அனுப்பின ஒருத்தன் கிட்ட வந்து, அவன் பட்டறையிலேயே நின்னு, அவன் மருமக இப்படிச் சொன்னா மனசு எப்படி இருக்கும்? ஆனாலும் நான் சண்டை போடவில்லை. ஏனென்றால் அந்த ரகசியச் சொல்லை என்னையே வைக்கச் சொன்னாள். "உங்க தொழில், நீங்களே பூட்டுங்க மாமா" என்று நாற்காலியை விட்டு எழுந்து, முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு நின்றாள். ஒற்றை விரலால் பூட்டினேன். அது என்ன சொல் என்று தங்களுக்கும் சொல்ல மாட்டேன். தப்பாக நினைக்கக் கூடாது. தொழில்.

இனி செவ்வாய்க்கிழமைக்கு வருகிறேன். மருமகளும் மகனும் கதவு அளக்க ஆஸ்பத்திரிக் கட்டடத்துக்குப் போயிருந்தார்கள். பதினொரு மணிக்குப் பட்டறைப் போன் அடித்தது. ஆஸ்பத்திரியின் பாதுகாப்பு அதிகாரி. கண்டிப்பான குரல். "லிங்க் வந்துடுச்சு. பாஸ்வேர்டை மேடம் மூணு மணிக்குக் கூப்பிட்டுச் சொல்றேன்னாங்க, சரிதானே? உறுதிப்படுத்திக்கத்தான் கேட்டேன்" என்றார். சரிதான் என்று சொல்லி வைத்திருந்தால் இந்தக் கடிதம் இல்லை. ஆனால் எனக்கு என்ன கேட்டது தெரியுமா? ஒரு வாடிக்கையாளர் கையில் பூட்டை வைத்துக்கொண்டு சாவிக்காக மூணு மணி வரைக்கும் நிற்கிறார். நம் பட்டறைப் பூட்டு. பதினொன்றிலிருந்து மூன்று வரை. எப்படிப் பொறுக்கும்? "நான் இப்பவே அனுப்பறேன் சார்" என்று போனை வைத்தேன். அவர் ஏதோ சொல்ல வந்தார், நான் வைத்துவிட்டேன்.

உடனே காரியத்தில் இறங்கவில்லை. பாதுகாப்பு என்றால் எனக்கும் தெரியும். கைப்பேசி வழியாகக்கூட ரகசியம் கசியும் என்று மருமகள் போன வாரம்தான் பாடம் எடுத்திருந்தாள். அதனால் என் கைப்பேசியை இரும்புப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிச் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். அறைக் கதவைத் தாழிட்டேன். ஜன்னலை மூடினேன். மருமகள் அனுப்பிய லிங்கின் நகல் எங்கள் அலுவலக மெயிலில் இருந்தது, அதை எடுத்தேன். அதற்குக் கீழே ரகசியச் சொல்லை எழுதினேன். "ஐயா, பூட்டும் சாவியும் இத்துடன். சிவப்பு நூல் கட்ட வசதியில்லாததற்கு மன்னிக்கவும்" என்று மரியாதையாக ஒரு வரியும் சேர்த்தேன். முகவரிக்கு முதல் எழுத்தைத் தட்டியதுமே கம்ப்யூட்டர் முழு முகவரியையும் தானாக நீட்டியது. என்ன புத்திசாலியான இயந்திரம் என்று நினைத்துக்கொண்டே பொத்தானை அமுக்கிவிட்டேன்.

அமுக்கின பிறகுதான் கண்ணாடியைச் சரியாகப் போட்டுக்கொண்டு பார்த்தேன். கடிதம் போனது தாழ்ப்பாளுக்கு.

தாழ்ப்பாள் என்பது ஆள். எங்கள் பட்டறையிலிருந்து மூன்றாவது தெருவில் தாழ்ப்பாள் செய்து விற்கிறவர். ஊரில் எல்லோருமே அவரை அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். ஏழு வருஷத்துக்கு முன் பூட்டும் விற்க ஆரம்பித்தார். என் பூட்டின் மூக்கை, அதாவது சாவி நுழைகிற முன்பக்கத்தை, அப்படியே நகலெடுத்தார் என்பது என் வழக்கு, பூட்டு என்றால் மூக்கு அப்படித்தான் இருக்கும் என்பது அவர் வழக்கு. அன்றிலிருந்து முகம் பார்த்துப் பேச்சில்லை. மெயிலில் மட்டும் பேச்சு உண்டு. போன வருஷம் மட்டும் அவருக்குப் பதினொரு புகார்க் கடிதம் எழுதியிருக்கிறேன். நான் அதிகமாக யாருக்கு எழுதுகிறேனோ அவரைத்தான் இயந்திரம் முதலில் நீட்டுமாம். இதைப் பிற்பாடு மருமகள் விளக்கினாள். அதாவது இந்த உலகத்தில் எனக்கு மிக நெருக்கமானவர் தாழ்ப்பாள்தான் என்று கம்ப்யூட்டர் தீர்மானித்திருக்கிறது.

கடிதம் இன்னும் வழியில் இருக்கும், நிறுத்திவிடலாம் என்று நினைத்துக் கம்ப்யூட்டரின் மின்கம்பியைப் பிடுங்கினேன். திரை கறுத்தது. கடிதம் நின்றதா, போனதா என்று பார்க்கவும் வழியில்லாமல் போயிற்று. தாழிட்ட கதவைத் திறக்க அரை நிமிஷம். பூட்டுக்காரன் தன் அறைத் தாழைத் திறக்க அரை நிமிஷம் எடுத்துக்கொண்டான் என்று எங்கேயும் சொல்லாதீர்கள். வாசலில் ஒரு காலில் என் செருப்பு, மறு காலில் எங்கள் பட்டறையில் லேத் ஓட்டுகிறவரின் செருப்பு. ஓடினேன். அறுபத்தெட்டு வயதில் மூன்று தெரு.

தாழ்ப்பாள் கடையில் சுவர் முழுக்க, சின்னதிலிருந்து பெரியது வரை, தாழ்ப்பாள்கள் வரிசையாக மாட்டியிருக்கும். நடுவில் அவர், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, கம்ப்யூட்டருக்குள் தலையை விட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், "வாய்யா. இப்பதான் உன் கடுதாசி வந்துச்சு. பன்னிரண்டாவது புகார்னு திறந்தேன். பூட்டும் சாவியும்னு போட்டிருக்கே. என்னய்யா, சமாதானமா?" என்றார்.

"தொட்டியா? திறந்தியா?"

"சாவி குடுத்திருக்கியே, திறக்காம? அந்த வார்த்தையைப் போட்டேன். உள்ள விடும்னு பாத்தா, போனுக்கு வந்த நம்பரைப் போடுங்குது. என் போனுக்கு எதுவும் வரலை. எந்த நம்பர்யா அது? ஏதோ போட்டுப் பாத்தேன்."

குனிந்து, மேசைக்கு அடியில் புகுந்து, அவர் கம்ப்யூட்டரின் கம்பியையும் பிடுங்கினேன். பிளக்கை மடியில் வைத்துக்கொண்டு அவர் முக்காலியில் உட்கார்ந்துவிட்டேன்.

"யோவ்! என்னய்யா பண்றே? என் கம்பியைக் குடு!"

"குடுக்க மாட்டேன்."

"இன்னிக்கு நாலு பேருக்கு விலைப்பட்டியல் அனுப்பணும்யா!"

"நாளைக்கு அனுப்பு."

"இது என் கடை!"

"அது என் கடுதாசி!"

இப்படியே ஒரு மணி நேரம். போலீசைக் கூப்பிடுவேன் என்றார், கூப்பிடு, அவர்களுக்கும் பூட்டு நாங்கள் போட்டதுதான் என்றேன். அவர் கத்தினார், நான் கத்தினேன், பிறகு இரண்டு பேருக்கும் தொண்டை வறண்டு அவரே டீ வரவழைத்தார். மருமகளுக்குச் சொல்லி ஏதாவது செய்யச் சொல்லலாம் என்றால் கைப்பேசி இரும்புப் பெட்டிக்குள் இருக்கிறது. அவள் நம்பர் எனக்கு மனப்பாடம் இல்லை. எழுந்து போனால் அவர் கம்பியைச் செருகிவிடுவார். நானூற்றுப் பன்னிரண்டு கதவும் ஒவ்வொன்றாக என் கண்ணுக்கு முன்னால் திறந்துகொள்வது மாதிரி இருந்தது. எங்கள் மருமகள் அந்த அதிகாரியிடம் நின்று தலைகுனிந்து பேசுவது மாதிரியும் இருந்தது. அதுதான் சம்பந்தி, உண்மையைச் சொன்னால், ஆர்டரைவிட அதுதான் நெஞ்சில் உட்கார்ந்துகொண்டது.

நடுவில் ஒருவர் குளியலறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் வாங்க வந்தார். கடைக்காரர் ஒரு தாழ்ப்பாளை எடுத்துக் கொடுத்தார், நாலு திருகாணியும் கொடுத்தார். நான் பிளக்கை மடியில் வைத்தபடியே பார்த்தேன். வாயை மூடிக்கொண்டு இருக்க முடியவில்லை. "ஈரம் படுற கதவுக்கு இந்த ஆணி துருப்பிடிக்கும். பித்தளை குடு" என்றேன். தாழ்ப்பாள் என்னை முறைத்தார். பித்தளையை எடுத்துக் கொடுத்தார். வந்தவர் போனதும், "அது சரிதான்யா" என்றார். ஏழு வருஷத்தில் என்னைச் சரி என்று அவர் சொன்னது அதுவே முதல் தடவை. அதன் பிறகு பேச்சு கொஞ்சம் இளகியது. அவர் மகனும் கடைக்குள் வந்து எல்லாவற்றையும் கம்ப்யூட்டருக்கு மாற்றுகிறானாம். "என் கடைக்குள்ள போக என்னையே நீ யாருன்னு கேக்குதுய்யா" என்று அவர் சொன்னபோது, எனக்கு அவர் மேல் இருந்த கோபத்தில் பாதி கரைந்துபோனது. மகளைப் பார்க்க வரும் சனிக்கிழமை தங்கள் ஊருக்குத்தான் வருகிறாராம். மூக்கு விவகாரம் மட்டும் அப்படியே இருக்கிறது, அதில் நான் விட்டுக்கொடுக்கவில்லை.

மூன்றரை மணிக்கு வாசலில் தங்கள் மகள் வந்து நின்றாள். தலைமுடியில் கட்டடத்துத் தூசி. கோபமாக இல்லை. அதுதான் பயமாக இருந்தது.

"மாமா, எழுந்திரிங்க."

"எழுந்திரிக்க மாட்டேன்மா. நான் எழுந்தா இவர் செருகிடுவார்."

"செருகட்டும். ஒண்ணுமில்லை. பதினொண்ணே முக்காலுக்கே அந்த வழியை ரத்து பண்ணிட்டேன்."

நடந்தது என்னவென்றால், தாழ்ப்பாள் ஒவ்வொரு தடவை அந்தச் சொல்லைப் போடும்போதும் ஆஸ்பத்திரி அதிகாரியின் கைப்பேசிக்கு ஓர் எண் போயிருக்கிறது. அவர் தான் எதையும் தட்டாமலேயே எண் வருகிறதே என்று உடனே மருமகளைக் கூப்பிட்டிருக்கிறார். அவளுக்கும் பெட்டகத்திலிருந்து எச்சரிக்கை வந்திருக்கிறது. கதவு அளந்துகொண்டிருந்த இடத்திலேயே நின்று, கைப்பேசியில் ஒரு பொத்தானை அமுக்கியிருக்கிறாள். முடிந்தது. நான் அங்கே போய்ப் பிளக்கைப் பிடுங்கின நேரத்துக்கு, அந்த லிங்க் செத்துக் கிடந்திருக்கிறது. கிட்டத்தட்ட நான்கு மணி நேரம் ஒரு செத்துப்போன கடிதத்துக்கு நான் காவல் இருந்திருக்கிறேன். என்னைத் தேடி அவள் இருபது தடவை போன் பண்ணியிருக்கிறாள். "அண்ணி, இரும்புப் பெட்டி ரிங் அடிக்குது, என்ன பண்றது?" என்று லேத் ஓட்டுகிறவர் ஒற்றைச் செருப்போடு நின்று கேட்டிருக்கிறார். பெட்டிச் சாவி என் சட்டைப் பையில். பட்டறைக்குத் திரும்பி, நான் பிடுங்கிய கம்பியைச் செருகி, கடிதம் யாருக்குப் போயிருக்கிறது என்று பார்த்த பிறகுதான் நான் எங்கே இருப்பேன் என்று அவளுக்குப் புரிந்திருக்கிறது.

தாழ்ப்பாள் மெதுவாகச் சொன்னார், "நான் ஒண்ணும் வேணும்னு பண்ணலைம்மா. சும்மா ஒரு நாலஞ்சு தடவை தட்டிப் பாத்தேன், அவ்வளவுதான்."

"ஒன்பது தடவைங்க" என்றாள் மருமகள், கைப்பேசியைப் பார்த்தபடி. "கடைசித் தடவை பதினொண்ணு நாப்பத்திரண்டு. பரவாயில்லைங்க."

அவர் முகத்தைச் சுவர்த் தாழ்ப்பாள்கள் பக்கம் திருப்பிக்கொண்டார். பிறகு அடக்க முடியாமல், "அப்படி என்னதாம்மா இருந்துச்சு அதுக்குள்ள?" என்று கேட்டார்.

"கதவுங்க" என்றாள். அதற்கு மேல் ஒரு சொல் இல்லை. சம்பந்தி, அந்த இடத்தில் தங்கள் வளர்ப்பைப் பார்த்தேன்.

அதிகாரியிடம் அவள் எதையும் மறைக்கவில்லை. எங்கள் வீட்டுப் பெரியவர் தவறான ஆளுக்கு அனுப்பிவிட்டார், யாரும் திறக்கவில்லை, இதோ பதிவு என்று ஒன்பது வரியையும் காட்டினாள். அவர் முழுவதும் படித்துவிட்டு, "பாஸ்வேர்டு கையில இருந்தும் உள்ள போக முடியலையா? அப்ப சரி" என்றாராம். ஆர்டர் தப்பியது. புதிய லிங்க், புதிய சொல், எல்லாம் அன்றைக்கே முடிந்தது. அதைக் கேட்டதும் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டேன். வீட்டுக்கு வந்ததும் என் வீட்டுக்காரி, "ஊர்ல இருக்கிற பூட்டையெல்லாம் திறப்பீங்க, ஒரு கடுதாசியை ஒழுங்கா மூட முடியலையா?" என்றாள். அதுகூட அன்றைக்கு வலிக்கவில்லை. இரண்டு தட்டு சாப்பிட்டுவிட்டுக் குழந்தை மாதிரி தூங்கினேன்.

மறுநாள் காலை மருமகள் என் எதிரே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தாள். "மாமா, கோவிச்சுக்காதீங்க. பெட்டகத்துல உங்களுக்கு இனிமே பார்க்கிற உரிமை மட்டும்தான். அனுப்புற உரிமை இல்லை. கம்ப்யூட்டர்லருந்து எதையும் நீங்களா அனுப்ப மாட்டேன்னு சொல்லுங்க."

"அனுப்ப மாட்டேன்."

"அட்டவணைக்கு வேற எங்கயாவது காப்பி இருக்கா?"

"இரும்புப் பெட்டியில இருக்கிற என் நோட்டு ஒண்ணுதான். சத்தியமா."

அவள் தலையாட்டிவிட்டு எழுந்து போனாள். போகும்போது, "அந்த நாலு மணி நேரம் பிளக்கை மடியில வெச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தீங்களே மாமா, வேற யாரும் அப்படி உட்கார மாட்டாங்க" என்றாள். அது பாராட்டா, கிண்டலா என்று இரண்டு நாளாக யோசிக்கிறேன். தங்களுக்குத் தெரிந்தால் எழுதவும்.

நான் கட்டிய பட்டறையில் எனக்குப் பார்வையாளர் உரிமை. ஆறு வயதுப் பிள்ளையைப் பொருட்காட்சிக்குக் கூட்டிப்போய், கையைப் பின்னால் கட்டிக்கொள் என்பார்களே, அப்படி. மனக்குறைதான், இல்லை என்று சொல்ல மாட்டேன். தாங்கள் பக்குவமாகப் பேசி, அனுப்பும் உரிமையை ஒரு மாதத்திலாவது திருப்பிக் கொடுக்கச் சொன்னால் நன்றாக இருக்கும். ஆனால் இன்னொன்றும் சொல்ல வேண்டும், இதை அவளிடம் நான் சொன்னதாகச் சொல்லாதீர்கள். அவள் செய்ததுதான் சரி. பூட்டு ஒரு வழி, சாவி ஒரு வழி என்பது சரி. அன்றைக்கு அவள் போட்ட பூட்டு இல்லாமல் நான் போட்ட பூட்டு மட்டும் இருந்திருந்தால், இன்றைக்கு எங்கள் வாசலில் பெயர்ப்பலகை இருக்காது. என் சிவப்பு நூல் சட்டம் பூட்டுக்குச் சரி, கோப்புக்குச் சரியில்லை. இதை ஒப்புக்கொள்ள எனக்கு மூன்று நாள் ஆனது. ரகசியம் என்பது எத்தனை பேரை நம்புகிறோம் என்பதல்ல, எத்தனை பேரை நம்பவேண்டிய அவசியமில்லாமல் வைக்கிறோம் என்பதுதான் என்று இப்போது எனக்கு நன்றாகப் புரிந்துவிட்டது. இனி என்னால் ஒரு துண்டுக் காகிதம்கூட வெளியே கசியாது என்று தங்களுக்கு உறுதி கூறுகிறேன்.

சம்பந்தியம்மாவுக்கு எங்கள் இருவரின் அன்பான விசாரிப்புகள். தங்கள் முழங்காலும் கதவுக் கீலும் கிறீச்சிடாமல் நீண்ட காலம் திறந்து மூட வாழ்த்துகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் மகளை மகளாகவே நினைக்கும்,
பூட்டுப் பட்டறைச் சம்பந்தி

பி.கு.: உதிரிச் சாவி நம்பிக்கையான உறவினர் வீட்டில் இருக்க வேண்டும் என்ற இரண்டாவது சட்டத்தை மருமகள் ரத்து செய்யவில்லை. அதனால் நோட்டிலிருந்த அட்டவணை முப்பத்தொரு பக்கத்தையும் உட்கார்ந்து கையாலேயே நகலெடுத்து இத்துடன் வைத்திருக்கிறேன். அவள் காப்பி இருக்கிறதா என்று கேட்ட பிறகுதான் எழுத ஆரம்பித்தேன், ஆகவே நான் சொன்னது பொய்யில்லை. கம்ப்யூட்டரிலிருந்து அனுப்பவும் இல்லை, ஆகவே வாக்கும் தவறவில்லை. தங்கள் அலமாரியில், எங்கள் வாசல் சாவிக்குப் பக்கத்தில் வைத்துக்கொள்ளவும். எந்தப் படத்துக்கு எந்த எண் என்று தனியாக ஓர் அட்டையில் எழுதிச் சிவப்பு நூலால் சேர்த்துக் கட்டியிருக்கிறேன். சாவி இல்லாமல் தங்களுக்கு ஒன்றை அனுப்ப மனம் வரவில்லை. தபாலில் போடலாம் என்றுதான் இருந்தேன், ஆனால் ஓர் உறை எத்தனை கை மாறுகிறது என்று தாங்களே சொல்லியிருக்கிறீர்கள். தாழ்ப்பாள் தங்கள் ஊருக்கு வருவதால் அவர் கையில் கொடுத்து அனுப்புகிறேன். ஒன்பது தடவை முயன்றும் திறக்கத் தெரியாதவர், அவரைவிடப் பத்திரமான ஆள் எனக்குக் கிடைக்கவில்லை. நூலில் முடிச்சு மட்டும் அவர் போட்டார், என் விரலுக்குப் பிடிபடவில்லை. போடும்போது, "எறும்புக்கு ஆறு காலையும் விடாம வரைஞ்சிருக்கியேய்யா" என்று பாராட்டினார்.